இழுப்பது வலக் கை, நோவது இடத் தோள்

போன வருடம் பங்குனி மாதம் அக்காவின் மகன் ஒரு வில் வாங்கினான். கல்லடியில் எங்கள் வளவின் பின்பக்கம், மதிலோடு சேர்த்து, பழைய மெத்தையை நாலாக மடித்து உரப்பைகளால் இறுக்கி ஒரு இலக்குக் கட்டினான். முதல் கிழமை ஒவ்வொரு பின்னேரமும் மெத்தையில் அம்பு குத்தும் சத்தம் கேட்டது. இரண்டாம் கிழமையும் கேட்டது. மூன்றாம் கிழமை ஒன்றையும் காணோம். என்ன நடந்தது என்று போய்ப் பார்த்தால், ஆள் சேட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு மற்றதை மாட்ட முடியாமல் நிற்கிறான்.

"கையத் தூக்க ஏலாம இருக்கு மாமா," என்றான். "வலக் கையாலதான் இழுக்கிறன், அது சும்மா இருக்கு. வில்லப் பிடிச்சுக்கொண்டு நிற்கிற இடக் கைத் தோள்தான் நோகுது. இது என்ன கணக்கு?"

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ளாமல் எண்ணெய் தடவினாலும் பனடோல் போட்டாலும் நோவு திரும்பி வரும். எனக்கே அப்படி வந்தது. ஏழு வருடத்துக்கு முன் இதே இடத் தோளில் ஒரு குத்து. பழகினால் போய்விடும் என்று இரண்டு மாதம் அதோடேயே எய்தேன். பிறகு ஐந்து மாதம் வில்லைத் தொடவே முடியவில்லை. நான் டொக்டர் இல்லை. அந்த ஐந்து மாதத்தில் இயன்மருத்துவரிடம் போய்வந்தும், தேடி வாசித்தும், என் தோளிலேயே பார்த்தும் தெரிந்துகொண்டதை, வில் பிடித்து ஒரு மாதம்கூட ஆகாத மருமகனுக்குச் சொன்னது போலவே இங்கே சொல்கிறேன்.

பீரிசின் மேல் ஒரு பந்து

முதலில் இடுப்பு மூட்டைப் பாருங்கள். தொடை எலும்பின் தலை உருண்டையானது. அது இடுப்பெலும்பின் ஆழமான குழிக்குள், சிரட்டைக்குள் வைத்த பந்து போலப் பொருந்தி இருக்கிறது. இலேசில் கழலாது, அதேநேரம் பெரிதாகச் சுழலவும் மாட்டாது. தோளில் அந்தச் சிரட்டை இல்லை. தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைப்போமே பீரிசு, அப்படி ஒரு ஆழமில்லாத குழி. அதன்மேல்தான் பந்து நிற்கிறது. எந்த நேரத்திலும் பந்தின் பரப்பில் கால்வாசி, மிஞ்சினால் மூன்றிலொரு பங்குதான் பீரிசைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சொறியவும் முடிகிறது, உடம்பைத் திருப்பி வாவியில் வீச்சு வலை எறியவும் முடிகிறது. ஆனால் இப்படிச் சுழல விட்டிருப்பதனால், பந்து உருண்டு போகாமல் யாராவது எந்நேரமும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அந்த வேலையைச் செய்பவை நான்கு சிறிய தசைகள். நான்குக்கும் சேர்த்து ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். இவை தோட்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு வந்து, விரல்களால் பந்தைப் பொத்திப் பிடிப்பது போல, கை எலும்பின் தலையைச் சுற்றிப் பிடித்துக்கொள்கின்றன. நெஞ்சுத் தசை, தோளின் வெளிப்புறம் உருண்டு தெரியும் தசை எல்லாம் பலசாலிகள். கையைத் தூக்குவது, தள்ளுவது அவற்றின் வேலை. இந்த நான்கும் பந்தை நடுவில் வைத்திருக்கும் ஆட்கள். பலசாலிகள் இழுக்கும்போது பந்து மேலே ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வது இவர்களுடைய பொறுப்பு.

நான்கில் அடிக்கடி முறையிடுவது மேலால் போகும் சுப்ராஸ்பைனேற்றஸ். பெயரை மறந்தாலும் பரவாயில்லை, அது போகும் பாதையை மட்டும் மறக்க வேண்டாம். தோளின் உச்சியை விரலால் தட்டிப் பாருங்கள், ஒரு தட்டையான எலும்பு தட்டுப்படும். அதுதான் கூரை. அந்தக் கூரைக்கும் கீழே உள்ள பந்துக்கும் நடுவே ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் இடைவெளி. சுப்ராஸ்பைனேற்றஸை எலும்போடு இணைக்கும் தசைநாண் அந்த ஒடுக்கத்துக்குள்ளால்தான் போகிறது. உராய்வைக் குறைக்க ஒரு மெல்லிய நீர்ப்பையும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆட்டோவும் சைக்கிளும் ஒருசேரப் போகிற ஒழுங்கை போல. பந்து கொஞ்சம் மேலே ஏறினாலும், கூரை கொஞ்சம் கீழே சரிந்தாலும், நடுவில் அகப்படுவது இவை இரண்டும்தான்.

இன்னும் ஒன்று. பீரிசு சும்மா அந்தரத்தில் இல்லை. முதுகின் மேற்புறத்தில் முக்கோணமாகத் தெரியும் தோட்பட்டை எலும்பின் ஓரம்தான் அந்தப் பீரிசு. அந்த எலும்பு விலா எலும்புகளின் மேல் வழுக்கி வழுக்கி நகரக்கூடியது. கையைத் தொங்கவிட்ட நிலையிலிருந்து நேர் மேலே தூக்குவதை 180 பாகை என்று வைத்தால், அதில் 120 பாகை அளவு பந்து சுழல்வதால் வருகிறது, மிச்சம் 60 பாகை தோட்பட்டை எலும்பே திரும்பிக் கொடுப்பதால் வருகிறது. தோட்பட்டை சரியாகத் திரும்பினால் கூரையும் சேர்ந்து உயர்ந்து வழிவிடும். திரும்பாவிட்டால் பந்து போய்க் கூரையில் முட்டும். தோளில் நோகிறவர்கள் பலர் தோளையே பிடித்துக்கொண்டு நிற்பார்கள், முதுகைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் நின்றேன்.

முப்பது இறாத்தல் பாண்

வில்லின் இழுப்புப் பாரத்தை இன்றும் இறாத்தலில்தான் சொல்கிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல் பேக்கரியோடு நின்றுவிட்டது, அதுவும் நல்லதுக்குத்தான். ஒரு இறாத்தல் பாண் என்றால் 450 கிராம். வில்லின் இறாத்தலும் ஏறக்குறைய அவ்வளவே. ஆக, 30 இறாத்தல் வில்லை முழுதாக இழுத்துப் பிடித்திருப்பது, முப்பது பாணை ஒரு பையில் போட்டு மூன்று விரலில் தூக்கி வைத்திருப்பதற்குச் சமம். 13 கிலோவுக்கு மேல் வரும்.

ஒரு தரம் என்றால் யாரும் தூக்கலாம். ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றுக்கு ஒருவர் 70 மீற்றர் தூரத்துக்கு 72 அம்பு விட வேண்டும். 30 இறாத்தல் வில்லில் 72 அம்பு என்றால் கூட்டிப் பார்த்தால் 980 கிலோ, ஒரு தொன்னுக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் ஆள் வாங்கியது 36 இறாத்தல் வில். முதல் கிழமையே பின்னேரத்துக்கு நூறு அம்பு என்று கணக்கு வைத்து விட்டிருக்கிறான். பெருக்கிப் பாருங்கள்: 1600 கிலோவுக்கு மேல். ஐம்பது கிலோ அரிசி மூட்டை முப்பத்திரண்டை ஒரு பின்னேரத்தில் தூக்கிவிட்டு, ஏன் நோகிறது என்று கேட்கிறான்.

இனி அவன் கேட்ட கேள்விக்கு வருவோம். வலக் கை நாணை எவ்வளவு பலத்தோடு பின்னால் இழுக்கிறதோ, அதே பலத்தோடு வில் இடக் கையைப் பின்னால் தள்ளுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான், வேறொன்றும் இல்லை. வலக் கைக்கு 36 இறாத்தல் என்றால் இடக் கைக்கும் 36. போதாததற்கு வில்லின் சொந்தப் பாரத்தையும் தோள் உயரத்தில் தாங்கிக்கொண்டு, முழங்கையை நீட்டியபடி, அம்பு போகும்வரை அசையாமல் நிற்க வேண்டியது இடக் கைதான். இழுக்கும் கையில் தசைகள் அசைந்து வேலை செய்வதால் களைப்பு நமக்குத் தெரிகிறது. பிடிக்கும் கை அசையாமல் நிற்பதால் அது ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

அந்தத் தள்ளுதலுக்கு எதிரே தோட்பட்டை எலும்பை விலாவோடு ஒட்டி, கீழே, இடத்தில் வைத்திருக்கும் தசைகள் பலமில்லாமல் இருந்தால் என்ன நடக்கும்? தோள் மெல்ல மெல்லக் காதை நோக்கி ஏறும். யாராவது ஏதாவது கேட்டால் "எனக்கென்ன தெரியும்" என்று தோளைக் குலுக்குவோமே, கிட்டத்தட்ட அந்த நிலை. அந்த நிலையில் கூரைக்குக் கீழுள்ள ஒழுங்கை இன்னும் ஒடுங்கும், அதற்குள்ளால் போகும் தசைநாணின் மேல் 36 இறாத்தலும் வந்து இறங்கும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. மூன்றாம் கிழமை சேட்டுப் போடும்போது தெரியும்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் சடங்கில் அருச்சுனன் வில்லோடு தவசுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வடமோடிக் கூத்திலும் வில்லும் அம்பும் உண்டு. அங்கே காண்பதெல்லாம் நிமிர்ந்த நெஞ்சும் விரிந்த தோளும் உயர்த்திய வில்லும். பார்க்க அழகு. அதையே இலக்கின் முன் செய்து பார்க்கிறபோதுதான் பிழை வரும். வில்லை வானத்தை நோக்கித் தூக்கி, அங்கிருந்து இழுத்துக்கொண்டே கீழே இறக்குவது பொடியன்களுக்குப் பிடித்த எடுப்பு. கை தலைக்கு மேலே இருக்கும்போது தோள் ஏற்கெனவே ஏறித்தான் இருக்கும். அந்த இடத்தில் பாரத்தை ஏற்றிவிட்டால் பிறகு இறக்க முடியாது. தோளை முதலில் கீழே வைத்துவிட்டு, கழுத்து நீளமாகத் தெரிய நின்று, வில்லைத் தோள் மட்டத்துக்கு மட்டும் உயர்த்தி, அதற்குப் பிறகு இழுக்கத் தொடங்க வேண்டும்.

உங்கள் தோள் ஏறுகிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. கண் இலக்கில் இருக்கும். ஒருவரைப் பின்னால் நிறுத்தி போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முதல் அம்பையும் முப்பதாவது அம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். மருமகனின் வீடியோவில் முதல் அம்பில் காதுக்கும் தோளுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. முப்பதாவதில் ஒரு விரல்கூட இல்லை.

நாணை இழுக்கும் கைப் பக்கத்து நோவு வேறு வகை. அது பெரும்பாலும் தோளின் முன்பக்கத்தில் வரும். முதுகால் இழுக்க வேண்டியதைக் கையின் முன்தசையால், வாளியில் தண்ணீர் இறைப்பது போல, மடக்கி இழுப்பவர்களுக்கு வருகிறது. முழுதாக இழுத்த நிலையில் வலது முழங்கை அம்பின் நேர்கோட்டுக்குக் கீழே தொங்கினால் அதுதான் நடக்கிறது என்று அர்த்தம். முழங்கையை அம்பின் மட்டத்திலோ ஒரு சொட்டு மேலாகவோ வைத்து, தோட்பட்டை எலும்பை முதுகெலும்பை நோக்கி நகர்த்துவதாக நினைத்து இழுத்துப் பாருங்கள். விரல்கள் வெறும் கொக்கி. இழுப்பது முதுகு. கேட்க இலேசாக இருக்கும், பழக எனக்கு ஒரு வருடம் போனது.

கப்பிகள் பூட்டிய கொம்பவுண்ட் வில் வைத்திருப்பவர்கள் இதில் கொஞ்சம் தப்பிக்கொள்வார்கள். அதில் முழுதாக இழுத்ததும் பாரத்தில் பெரும்பகுதி கழன்றுவிடும். ஆனால் இழுக்கத் தொடங்கி நடுவழியில் வரும் உச்சப் பாரம் அவர்களுக்கும் உண்டு. நோவு வந்தால் அந்த இடத்தில்தான் வரும்.

உளைவா, குத்தா?

புதிதாக எந்த வேலை செய்தாலும் உடம்பு உளையும். வயலில் முதல் நாள் வேலை செய்தவரைக் கேட்டால் சொல்வார். அந்த உளைவு அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ கூடி, மூன்று நாளில் அடங்கும். இரண்டு தோளிலும் முதுகிலும் பரவலாக இருக்கும். இன்ன இடம் என்று ஒரு விரலால் காட்ட முடியாது. இதற்குப் பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது ஒரு விரலால் காட்டக்கூடிய நோவு. கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது 60 பாகைக்கும் 120 பாகைக்கும் நடுவே, அதாவது இடுப்புக்கு மேலே வந்து தோளைத் தாண்டும் அந்தத் துண்டில் மட்டும் குத்தும். அதைத் தாண்டி மேலே போனால் குறையும். இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க விடாது. அலுமாரியின் மேல்தட்டில் உள்ளதை எடுக்கும்போது சுருக்கென்று இழுக்கும். இதெல்லாம் தசைநாண் தன் அளவுக்கு மேல் சுமந்துவிட்டது என்பதன் குறி.

இவற்றுக்கு மேல் சில விடயங்கள் உண்டு. அவற்றை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இழுக்கும்போது டக்கென்று ஏதோ அறுந்தது போல இருந்து, அதற்குப் பிறகு கையை உயர்த்தவே முடியாவிட்டால் தசைநாண் கிழிந்திருக்கலாம். தோளின் உருவமே மாறித் தெரிந்தால் மூட்டு கழன்றிருக்கலாம். அதைப் பிடித்து இழுத்துப் பொருத்துகிறேன் என்று யார் சொன்னாலும் எக்ஸ்ரே எடுக்கும்வரை கை வைக்க விடாதீர்கள். விரல்கள் விறைத்து மரத்துப் போனால் பிரச்சினை கழுத்து நரம்பிலும் இருக்கலாம். மூட்டு சூடேறிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். சின்னப் பிள்ளைகள் வில் பழகி நோகிறது என்றால் ஒரு கிழமைக்கு மேல் காத்திருக்க வேண்டாம். அவர்களுடைய எலும்பு வளரும் இடம் இன்னும் மென்மையாக இருக்கும்.

இடத் தோள் நோவைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. வில்லைத் தொட்டாலும் தொடாவிட்டாலும், நெஞ்சில் ஒரு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்கல் இவற்றோடு இடத் தோளும் கையும் நோவெடுத்தால் அது தோள் அல்ல, இதயமாக இருக்கலாம். 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், இலவசம்தான். நடு வயதைத் தாண்டி, நீரிழிவும் உள்ளவர்களுக்கு இன்னொரு சங்கதி. அவர்களுக்குத் தோள் மெல்ல மெல்ல இறுகிப்போகும் உறைந்த தோள் என்ற நோய் மற்றவர்களைவிட அதிகம் வரும். மற்றவர் பிடித்துத் தூக்கினாலும் கை மேலே போகாவிட்டால் அதுவாக இருக்கலாம். அது வில்லால் வந்தது என்று நினைத்து நாட்களைக் கடத்த வேண்டாம்.

மற்றப்படி, இரண்டு மூன்று கிழமை பாரத்தைக் குறைத்தும் குறையாத நோவென்றால் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய்ச் சொன்னால், தேவைப்பட்டால் இயன்மருத்துவத்துக்கு அனுப்புவார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய அரச வைத்தியசாலைகளில் அதற்குக் காசு இல்லை, வரிசைதான் இருக்கும். போகும்போது வீடியோவையும் கொண்டுபோங்கள். "வில் எய்கிறேன்" என்று வாயால் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். படத்தைக் காட்டினால் விளங்கும்.

முதல் பத்து நாள்

வில்லைச் சுவரில் மாட்டுங்கள், கையைத் தூளியில் மாட்டாதீர்கள். நோகிற தோளை அசையாமல் வைத்திருந்தால் அது இறுகிக்கொள்ளும். குளிப்பு, சாப்பாடு, சைக்கிள் ஓட்டம் எல்லாம் நடக்கட்டும். தோளுக்கு மேலே கையை உயர்த்திப் பாரம் தூக்குவதை மட்டும் விடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தால் சுகமாக இருக்கும். அதற்குப் பிறகு சுடு ஒத்தடம் பிடித்தால் அதுவும் சரிதான். இரண்டுமே நோவைத் தணிக்கும், காரணத்தைத் தொடாது. அக்கா காய்ச்சித் தடவிய எண்ணெயும் அந்த வகைதான். தடவட்டும், ஆனால் நோகிற இடத்தைப் பெருவிரலால் நசுக்கித் தேய்க்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

பனடோல் போடலாம், பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. பாமசியில் கேட்டு வாங்கும் பலமான நோக்குளிசைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அதைவிட, இங்கே மழைக்காலத்தில் உடம்பு நோவோடு காய்ச்சலும் வந்தால் அது டெங்காக இருக்கலாம். டெங்கில் அந்தக் குளிசைகள் இரத்தக் கசிவைக் கூட்டும். ஆகவே காய்ச்சல் இருந்தால் பனடோலைத் தவிர வேறொன்றையும் தொடாமல் டொக்டரிடம் போக வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோக்குளிசை போட்டுக்கொண்டு எய்வது, புகை எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்பை எரியவிடுவது மாதிரி.

கூரை முட்டுகிறது என்றால் கூரையைச் செதுக்கிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அப்படி ஒரு சத்திரசிகிச்சை பல காலமாக நடந்துகொண்டுதான் இருந்தது. பிரித்தானியாவில் 32 வைத்தியசாலைகளில் 313 பேரை எடுத்து, சிலருக்கு எலும்பைச் செதுக்கியும், சிலருக்கு உள்ளே கமெராவை மட்டும் விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடியும், சிலரை அப்படியே விட்டும் ஒப்பிட்டார்கள். 2018 இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. செதுக்கியவர்களுக்கும் சும்மா மூடியவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நான் மேலே சொன்ன ஒழுங்கைக் கதை முழுக் கதை அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. இடம் ஒடுங்குவது ஒரு பங்கு; தசைநாண் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் அவசரப்பட்டுச் சுமத்தியது பெரிய பங்கு. இது ஒரு விதத்தில் நல்ல செய்தி. எலும்பை நாம் மாற்ற முடியாது, ஆனால் தசைநாணைப் பழக்க முடியும்.

சைக்கிள் ரியூப்

பழக்குவதற்குக் கடைச் சாமான் தேவையில்லை. பழைய சைக்கிள் ரியூப்பை வால்வை வெட்டி எடுத்துவிட்டு நீளமாக்கினால் போதும். புதிதாக நோவு வந்தவர்கள் முதலில் அதுவும் வேண்டாம், சுவர் போதும். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகைக்கு மடக்கி, புறங்கையால் சுவரைத் தள்ளுங்கள். கை அசையக் கூடாது, பலம் மட்டும் போகட்டும். பாதிப் பலம் போதும். முப்பது விநாடி தள்ளி, ஒரு நிமிடம் ஆறி, ஐந்து தரம். இதில் பந்தைப் பிடிக்கும் பின்பக்கத் தசைகள் நோவைக் கிளப்பாமல் வேலை செய்யத் தொடங்கும். எனக்கு இதைச் செய்து முடித்ததும் ஒரு மணித்தியாலம் நோவே தெரியாது.

ஒரு கிழமை போன பின் ரியூப்பை யன்னல் கம்பியில் முழங்கை உயரத்தில் கட்டி, அதே நிலையில் முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பி இழுக்கலாம். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு துவாயை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். துவாய் விழுந்தால் பிழையாகச் செய்கிறீர்கள். இழுப்பதற்கு ஒரு விநாடி, திரும்பி விடுவதற்கு மூன்று விநாடி. பலர் திரும்பி வருவதை அலட்சியமாக விடுகிறார்கள், ஆனால் தசைநாண் பலப்படுவதில் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு தரம், மூன்று சுற்று, ஒன்றுவிட்டொரு நாள்.

வில் பிடிக்கும் கைக்கு நான் முதலில் சொல்வது சுவர்த் தண்டால். சுவரில் இரு கையையும் ஊன்றி, முழங்கையை மடக்காமல், நெஞ்சை மட்டும் சுவரை நோக்கி விடுங்கள். தோட்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகில் ஒன்றையொன்று நெருங்கும். பிறகு சுவரைத் தள்ளித் தள்ளி முதுகின் மேற்பகுதி கொஞ்சம் வளையும்வரை வாருங்கள். அசைவு இரண்டு மூன்று அங்குலம்தான். வில் கையைத் தள்ளும்போது தோட்பட்டையை விலாவோடு ஒட்டி வைத்திருப்பது இதே தசைதான். பார்ப்பவர்களுக்கு நீங்கள் மதிலைத் தள்ளி விழுத்தப் பார்ப்பது போல இருக்கும். மதிலுக்கு அப்பால் இருந்து பக்கத்து வீட்டு மாமி ஒரு நாள் என்னை அதையே கேட்டார்.

செய்யும்போது கொஞ்சம் நோகலாம். பத்துக்கு மூன்று என்று சொல்லக்கூடிய நோவு, அடுத்த நாள் காலையில் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் பரவாயில்லை. இறங்காவிட்டால் செய்தது கூடிவிட்டது, குறையுங்கள். ஒரு கிழமையில் சுகம் தேட வேண்டாம். தசைநாண் பொறுமையான சாமான், பன்னிரண்டு கிழமை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஆறாம் கிழமையில் நோவு குறைந்ததும் பயிற்சியை விட்டுவிடுவதுதான் எல்லாரும் விடும் பிழை.

வில்லைத் திரும்ப எடுக்கும்போது

வில்லில் எழுதியிருக்கும் இறாத்தல், பொதுவாக 28 அங்குலம் இழுக்கும்போது உள்ள பாரம். கை நீளமானவர் 30 அங்குலம் இழுத்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 இறாத்தல் கூடும். எங்கள் ஆள் ஆறடி. 36 என்று வாங்கியதை 40 ஆக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான். அது அவனுக்கும் தெரியாது, விற்றவரும் கேட்கவில்லை. புதிதாகத் தொடங்கும் வளர்ந்தவருக்கு 18 முதல் 24 இறாத்தல் வரை போதும், பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. பாரம் குறைந்த வில் பிடிப்பதில் வெட்கம் பார்க்கிறவர்கள் அதிகம் ஆண்கள்தான்.

நல்ல காலம், அவனுடையது கழற்றிப் பூட்டும் வில். நடுக் கட்டையை வைத்துக்கொண்டு லிம்ப் என்கிற மேல் கீழ்த் தகடுகளை மட்டும் மாற்றலாம். 20 இறாத்தல் சோடி ஒன்றைத் தேடி வாங்கினோம். பாரம் சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு: அம்பை வைத்து இலக்கைப் பார்த்தபடி முழுதாக இழுத்துப் பத்து விநாடி நில்லுங்கள். கை நடுங்காமல், தோள் ஏறாமல், மூச்சைப் பிடிக்காமல் நிற்க முடிந்தால் அந்த வில் உங்களுக்குரியது. பிறகு எய்யாமல் நாணை மெதுவாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்துவிடுவது மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். அந்த விசை போக இடமில்லாமல் வில்லையே உடைக்கும், துண்டுகள் முகத்துக்கு வரும்.

தொடக்கத்தில் இலக்கு வட்டமே வேண்டாம். மூன்று மீற்றர் தூரத்தில் வெறும் மெத்தை, ஒன்றுவிட்டொரு நாள், இருபது அம்பு. எங்கே பட்டது என்று பார்க்காமல் தோள் எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். எய்வதற்கு முன் ரியூப்பை இரண்டு சுற்று இழுத்து உடம்பைச் சூடாக்குங்கள். கிழமைக்கு ஐந்து அம்பு கூட்டலாம். அம்பையும் இறாத்தலையும் ஒரே கிழமையில் கூட்டக் கூடாது. ஐம்பது அம்பை நோவில்லாமல் விட முடிந்த பிறகு 2 இறாத்தல் கூட்டுங்கள். அப்போது அம்பை மறுபடி முப்பதுக்கு இறக்கிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இதில் ஒரு தனிக் கரைச்சல் உண்டு, கச்சான் காற்று. வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து சூடாக, விட்டுவிட்டு வீசும். காற்று அடங்கட்டும் என்று நாணை இழுத்தபடியே காத்திருப்போம். மூன்று விநாடியில் போக வேண்டிய அம்பு எட்டு விநாடி நிற்கும். அந்த ஐந்து விநாடியில்தான் தோள் காதுக்கு ஏறுகிறது. நாலு என்று எண்ணுவதற்குள் அம்பு போகாவிட்டால் இறக்கிவிடச் சொல்லியிருக்கிறேன். இறக்கிய அம்பையும் அன்றைய கணக்கில் எழுத வேண்டும் என்றும் சொன்னேன். போன கிழமை அவன் கொப்பியைப் பார்த்தேன். எய்தது இருபத்தாறு, இறக்கியது ஒன்பது, மொத்தம் முப்பத்தைந்து என்று எழுதி, பக்கத்தில் "காற்று" என்று குறித்து வைத்திருக்கிறான்.